நாற்பத்து மூன்றாம் சத்தம்

பழைய கீபோர்டின் சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. எண் காட்டும் சின்னக் கண்ணாடியில் நாற்பத்து மூன்று வந்து நின்றது. கட்டைகள்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தேன். வந்தது ஓர் இரைச்சல். தண்ணீர் நின்றுபோன குழாயைத் திறந்தால் வருமே, அது. விரலை எடுத்தேன், திரும்ப வைத்தேன். அதே இரைச்சல். நாற்பத்து நான்கைத் தட்டினேன். ஒரு கிறீச். நாற்பத்தைந்து. மௌனம். அறுபத்து நான்கு சத்தங்களுக்கு அந்தப் பெட்டிக்குள் அறுபத்து நான்கு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையாகத் தட்டிக்கொண்டே போனேன். எந்த அறையிலும் ஆள் இல்லை.

அன்றைக்குக் காலையில்தான், கோயில் வாசலில், திருப்பலி முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது என் நண்பனின் மகள் வந்து கேட்டிருந்தாள்.

"மாமா, நான் கோயிலுக்குள்ள வாறபோது அப்பாட சத்தம்தான் வாசிக்கணும். இந்தப் புதுக் கீபோர்ட்ல உள்ளது ஒண்டும் வேணாம்."

"அதுக்கென்ன மகள்" என்று சொல்லியிருந்தேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன். அவளுடைய கலியாணத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

அந்தப் பெட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் யப்பானில் செய்த சிந்தசைசர். பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று எல்லாவற்றையும் ஆயத்தமாக அடைத்துக்கொண்டு வருகிற கீபோர்ட் அல்ல இது. இதற்குள் பிறக்கும்போது எல்லாச் சத்தமும் தேனீக் கூடுபோல ஒரே ரீங்காரம்தான். மேலே வரிசையாக இருக்கிற ஸ்லைடர்களை ஏற்றி இறக்கி அந்த ரீங்காரத்திலிருந்து வேண்டாததை நாமே வெட்டி எறிய வேண்டும். மிஞ்சியது பிடித்திருந்தால் ஓர் எண்ணில் எழுதி வைக்கலாம். எழுதியதைக் காப்பது உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு பொத்தான் பற்றரி. மின்சாரத்தை நிறுத்தினாலும் அது மட்டும் விழித்திருக்கும். அது கண்ணை மூடினால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும்.

நாற்பத்து மூன்றைச் செய்தவன் என் நண்பன், அவளுடைய அப்பா. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் கலியாண வீடுகளுக்கு வாசிக்கிற இசைக்குழு ஒன்று எங்களுக்கு இருந்தது. அவன் கீபோர்ட், நான் பேஸ் கிற்றார். தமிழ்ப் பாட்டு முடிய சிங்களப் பாட்டு, அது முடிய பைலா. பிறகு இந்தக் கரையில் பாதிப்பேர் போன இடத்துக்கு அவனும் போனான், இத்தாலிக்கு. போகும்போது கீபோர்டை என் கையில் தந்து, "எதை வேணுமெண்டாலும் மாத்து. நாப்பத்து மூண்டை மட்டும் தொடாதே" என்றான். அவள் அப்போது ஒன்றரை வயதுக் குழந்தை.

அந்தச் சத்தத்தைக் கடல் என்றும் சொல்ல முடியாது, ஆள் என்றும் சொல்ல முடியாது. கீழேயிருந்து மெல்ல எழும்பும். எழும்பி வந்து ஓரிடத்தில் வாயைத் திறக்கும். திறந்த வாய் அவசரமில்லாமல் மூடும். மூடின பிறகும் கொஞ்சம் மூச்சு மிச்சமிருக்கும், அந்த மிச்சத்திலிருந்து அடுத்தது எழும்பும். இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்கப் போகும்போது நான் அதைத்தான் வாசித்தேன். அவள் அதற்குள்ளேயே வளர்ந்தாள். போன வருடம் கோயிலுக்குப் புதுக் கீபோர்ட் வந்த பிறகுதான் பெட்டியை மூடி வைத்தேன். அவன் இரண்டு தரம் ஊருக்கு வந்து போனான். இந்தத் தரம் அவனுடைய வதிவிடப் பத்திரம் அங்கே புதுப்பிக்கக் கொடுத்துக் கிடக்கிறது. இப்போது வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. ஆகவே மகளுடைய கலியாணத்துக்கு அவன் வரமாட்டான். அவன் வராத இடத்தில் அவனுடைய சத்தமாவது தன்னோடு நடந்து வரட்டும் என்பதுதான் அவள் கேட்டது.

நான் அவளுக்குச் சொல்லவில்லை. திருத்திவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். திருத்திவிட்டால் சொல்லவே தேவையில்லை என்றும் நினைத்தேன், அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள், முந்தல் ஊர் எறால் பண்ணையில் என் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியை ஆட்டோவின் பின் சீட்டில் நோயாளியைப் போலக் கிடத்தி, ஒரு முனையை மடியில் தாங்கிக்கொண்டு மதுரங்குளிக்குப் போனேன். வலப்பக்கம் நுரைச்சோலை மின்நிலையப் புகைபோக்கி சின்னதாகிக்கொண்டே வந்து மறைந்தது. பாலாவியில் திரும்பும்போது உப்பளங்கள் வெயிலில் பளபளத்தன. அந்தப் பளபளப்புதான் என்னைக் கெடுத்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மதுரங்குளியில் நான் தேடிப் போனவர் எறால் பண்ணைகளின் மோட்டார் போர்டுகளையும் இன்வேட்டர்களையும் போன்களையும் திருத்துகிறவர். எங்கள் இசைக்குழுவின் அம்பிளிஃபயர்களுக்கும் அந்தக் காலத்தில் அவர்தான் வைத்தியர். என்னை இன்றைக்கும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாஸ்டர், இத எங்க வெச்சிருந்தீங்க?"

"அதோட உறைப் பெட்டிக்குள்ளதான். போன மாரியில ஈரம் படக்கூடாதெண்டு நல்லா மூடி, உப்புப் பையும் போட்டு வெச்சேன்."

"என்ன பை?"

"உப்புப் பை. உப்பளத்து ஆக்கள் செய்ற மாதிரி."

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "புது உப்பா பழைய உப்பா?"

"புது உப்பு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். உப்பளத்தில் வேலை செய்கிற வீடுகளில் அலுமாரிக்குள், கூறைச் சாரிக்கும் காணி உறுதிப் பத்திரத்துக்கும் பக்கத்தில், துணிப்பையில் உப்புக் கட்டி வைப்பார்கள். காற்றிலுள்ள ஈரத்தை அது குடித்துவிடும். ஆனால் அந்த உப்புக்கு வயதிருக்க வேண்டும். அளத்தில் குவித்து, இரண்டு மழை பார்த்து, உள்ளேயிருக்கிற கைப்புத் தண்ணீரெல்லாம் வடிந்த பிறகு, சட்டியில் வறுத்துக் கட்டுகிற உப்பு அது. புது உப்பு கண்ணுக்கு அழகு, கல்லுக் கல்லாக மினுங்கும். ஆனால் கைப்பு உள்ளேயே இருக்கும். காற்றிலிருந்து குடித்ததை வைத்திருக்கத் தெரியாது, திரும்ப அழுதுவிடும். நான் பாலாவியில் இறங்கி, மினுங்கியதைத்தான் கேட்டு வாங்கினேன். மாரி முழுவதும் அது உறைப் பெட்டிக்குள் ஒரு மூலையில் இருந்து சொட்டுச் சொட்டாக அழுதிருக்கிறது.

"மாஸ்டர் பண்ணையில என்ன வேல?"

அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் சொன்னேன். "எறால் தொட்டித் தண்ணியில உப்பு எவ்வளவெண்டு அளக்கிறது."

"நல்லா அளந்திருக்கீங்க" என்றார்.

பற்றரியின் கால்கள் பச்சை பூத்திருந்தன. மீட்டரை வைத்தார். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அரை வோல்ட்டும் இல்லை. அதை வெட்டி எடுத்தார். வடித்த தண்ணீரும் பல் துலக்கும் பிரஷுமாக போர்டைக் கழுவினார், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார், பழைய பேப்பரில் விரித்து வெயிலில் காயப்போட்டார். கரையில் பெண்கள் கருவாடு காயப்போடுவது போலத்தான் இருந்தது. இரண்டு நாள் காய்ந்தது. பிறகு, இனி எப்போதும் ஈயம் உருக்கும் சூட்டுக்கோலில்லாமல் மாற்றக்கூடியதாக ஒரு கூடு வைத்து, புதுப் பற்றரி போட்டார்.

பெட்டியை இயக்கினோம். ஒரு ஸ்லைடரை ஏற்றி, கிடைத்த சத்தத்தைப் பதினொன்றில் எழுதினேன். நிறுத்தினோம். இயக்கினோம். பதினொன்றில் இரைச்சல்.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "அவசரப்படாதீங்க வாப்பா" என்றார். "பற்றரி நல்லா இரிக்கி. அது குடுக்கிறது போய்ச் சேரணுமே."

பற்றரியிலிருந்து ஒவ்வொரு இடமாக மீட்டர் முனையை வைத்துக்கொண்டு போனார். இங்கே மூன்று. இங்கே மூன்று. இங்கேயும். ஞாபகச் சிப்பின் காலில் வைத்தார். பூச்சியம். நடுவில் எங்கேயோ பாதை அறுந்திருக்கிறது. பூதக்கண்ணாடியால் தேடினார். மயிர்க் கனத்தில் ஒரு செம்புக் கோடு, ஒரு நகக்கண் நீளத்துக்கு உப்பு தின்றுவிட்டிருந்தது. அந்த இடைவெளிக்கு மெல்லிய கம்பியால் பாலம் போட்டார்.

திரும்பப் பதினொன்றில் எழுதினோம். நிறுத்தினோம். "கிடக்கட்டும்" என்றுவிட்டு அஸர் தொழப் போனார். நான் பெட்டியையும் ரோட்டில் போகிற பஸ்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து, தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டார். பதினொன்றில் நான் எழுதியது அப்படியே இருந்தது.

"ஞாபகம் பிடிக்கிது மாஸ்டர். ஆனா ஞாபகத்தில ஒண்டுமில்ல. அத நீங்கதான் போடணும்."

பதினான்கு நாள் இருந்தது. நான் இத்தாலிக்குக் கதைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மாரி, பை, மினுக்கம், பச்சை. மறுபக்கம், அவன் வேலையாகப் பார்த்துக்கொள்கிற முதியவர் இருமுவது கேட்டது.

"டேய்" என்றான் கடைசியில். "நான் உனக்குக் கீபோர்ட் தந்தேன். நீ கருவாடு போட்டிருக்கிறாய்."

"போட்டுட்டேன் மச்சான்."

"அவளுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"சொல்லாத. கசெட் இரிக்குதானே, அதில இருந்து ஏத்து."

"என்ன கசெட்?"

அந்தக் காலத்துச் சிந்தசைசர்களில் ஒரு வசதி இருந்தது. உள்ளே எழுதி வைத்த எல்லாவற்றையும் ஒரு கீச்சொலியாக மாற்றி கசெட்டில் பதியலாம். மனிதருக்கு அது ஆயிரம் சில்வண்டு. பெட்டிக்கு அது எழுத்து. திரும்பப் போட்டுக் காட்டினால் வாசித்து எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவந்துவிடும். போவதற்கு முதல் நாள் அவன் அப்படி ஒரு கசெட் எடுத்து மனைவியிடம் கொடுத்திருக்கிறான். என்னிடம் சொல்ல மறந்துவிட்டான்.

நான் அவன் வீட்டுக்கு ஓடினேன். மகள் கொழும்புக்கு உடுப்பு எடுக்கப் போயிருந்தது நல்லதாய்ப் போயிற்று. அவன் மனைவி பலகாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் அரிப்பு நின்றது.

"அந்தக் கசெட்டா அண்ணே? அதைப் போட்டுப் பாத்தேன், ஒரே கீ எண்டு கத்திச்சு. பழுதாப் போச்செண்டு நினைச்சு, இவள்ட குரலைப் பிடிச்சு அவருக்கே அனுப்பிட்டேனே!"

அந்த நாட்களில் கடிதம் எழுதுவதைவிடக் கசெட் அனுப்புவதுதான் வழக்கம். ஊரிலிருந்து யாராவது இத்தாலிக்குப் போனால் அவர் பையில் பத்து வீட்டுக் கசெட் இருக்கும். கடையில் புதுசு வாங்குவதற்குப் பதில், வீட்டில் கிடந்த 'பழுதான' கசெட்டில் தாய் குழந்தையின் குரலைப் பதிந்திருக்கிறார். கணவன் பத்திரப்படுத்தச் சொன்னதையே கணவனுக்கு, அதை அழித்து, அன்போடு அனுப்பியிருக்கிறார்.

"இப்ப என்ன அண்ணே செய்ற?" என்று கேட்டார். மா ஒட்டிய கையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

"ஒண்டும் யோசிக்காதீங்க" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு எனக்கே ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. உப்பால் அழிந்ததும் அன்பால் அழிந்ததும் போகட்டும். என் காதில் இருபது வருடமாக விழுந்தது இன்னும் அழியவில்லையே. அதிலிருந்து கட்டுவேன்.

இரண்டு நாள் கழித்து அவனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கசெட்டை அவன் வைத்திருந்தான், யாரிடமோ பழைய ரெக்கோடர் இரவல் வாங்கிப் போட்டிருந்தான். கீச்சொலி ஒரு துளியும் மிஞ்சவில்லை. ஆனால், "பின்னால கேள்" என்று எழுதியிருந்தான்.

கேட்டேன். தாயின் குரல்: "அப்பாவுக்குச் சொல்லு, என்ன சாப்பிட்ட?" குழந்தை: "பாண்." "வேற?" "பாண்." "பாணோட என்ன?" நீண்ட யோசனைக்குப் பிறகு, "அப்பா." தாயின் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குகிற இடத்தில், சுவருக்கு அப்பால், கீழேயிருந்து மெல்ல எழும்பி வாயைத் திறக்கிறது நாற்பத்து மூன்று. வாசிப்பது நான். அவன் என் கையில் தந்திருந்தாலும், அப்போது கீபோர்ட் இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருந்தது, நான் அங்கே போய்ப் பழகிக்கொண்டிருந்தேன். சத்தம் எழும்பி, திறந்து, மூடப் போகிற இடத்தில் தாய் ரெக்கோடரை நிறுத்திவிடுகிறார்.

ஒரே ஒரு மூச்சு. அதுவும் முக்கால் மூச்சு. எனக்கு அது போதும் என்று நினைத்தேன்.

அந்த முக்கால் மூச்சை எத்தனை தரம் கேட்டிருப்பேன். பஸ்ஸில் கேட்டேன், தொட்டிக் கரையில் உப்பு அளந்துகொண்டு கேட்டேன். சத்தத்தை மட்டும் கேட்க நினைத்தால் குழந்தை குறுக்கே வந்து "பாண்" என்றது. குழந்தையை விலக்கிக் கேட்க எந்த வழியும் இல்லை. கொஞ்சநாளில் விலக்க வேண்டும் என்ற எண்ணமும் போய்விட்டது.

மதுரங்குளிக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். என் பெட்டியை அப்படியே போலச் செய்த மென்பொருள் ஒன்று கணினிக்கு இருக்கிறது. பண்ணைக் கந்தோரில், அலுவலகக் கணினியில், மதியச் சாப்பாட்டு நேரங்களில், அதை வைத்துப் பரிசோதித்தேன். திரையில் அதே ஸ்லைடர்கள், அதே எழுத்துக்கள். உண்மையில் நிறையக் கற்றுத் தந்தது. ரீங்காரம் இரண்டு, ஒன்றைவிட மற்றது மயிரிழை சுருதி இறங்கியது. அந்த இரண்டும் உரசுவதால்தான் தண்ணீர் அசைவது போலிருக்கிறது. மேல் ஒலிகளை வெட்டுகிற ஃபில்டரை முக்கால்வாசி மூட வேண்டும், பிறகு அதுவே மெல்லத் திறந்து மூட வேண்டும். எழும்புகிற நேரத்தை நீட்ட வேண்டும், விரல் எடுத்த பிறகு அடங்குகிற நேரத்தை அதைவிட நீட்ட வேண்டும். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து எழுதி வைத்தேன்.

ஆனால் திரையில் இருந்த எண்களை அப்படியே பெட்டியில் வைத்தால் வேறு சத்தம் வந்தது. மென்பொருளில், ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு குரலும் பள்ளிக்கூட அணிவகுப்புப் போல ஒரே சீருடையில் நிற்கின்றன. என் பெட்டிக்குள் ஒருவன் பொத்தான் பூட்டியிருக்கிறான், ஒருவன் பூட்டவில்லை, ஒருவன் செருப்பை மாறிப் போட்டிருக்கிறான். நாற்பது வருடமாக அந்த ஆறு பேரும் அப்படித்தான். அந்தச் சீரின்மைக்கு ஏற்றபடி ஒவ்வொரு ஸ்லைடரையும் காதால் தள்ளினேன். ஒரு நூல் மேலே. அரை நூல் கீழே. போனில் குழந்தை, பெட்டியில் நான். போனில் குழந்தை, பெட்டியில் நான். மூன்றாம் நாள் பின்னேரம் கோயிலில் யாருமில்லாத நேரம், சத்தம் வாயைத் திறந்தபோது, போனை நிறுத்திவிட்டேன். நிறம் வந்துவிட்டது.

நிறம்தான் வந்தது. வேகம் வரவில்லை. ஒரு மூச்சு முடிந்து அடுத்தது எழும்ப எவ்வளவு நேரம்? கசெட்டில் அடுத்த மூச்சே இல்லை. நானும் இருபது வருடம் வாசித்தவன்தான், ஆனால் விரல் சத்தத்துக்குப் பின்னால் போயிருக்கிறதே தவிர நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. வேக ஸ்லைடரை எங்கே வைத்தாலும் சரி போலவும் இருந்தது, பிழை போலவும் இருந்தது.

அவனைக் கேட்டேன்.

"அதுவா? எங்கட மீன்வாடியில கயிறு இழுக்கிற அளவு. அப்பாட கரவலை ஞாபகமிருக்கா? அந்த இழுவையைப் பாத்துத்தான் வெச்சேன்."

அடுத்த நாள் காலையில், வேலைக்குப் போகுமுன், கரைக்குப் போனேன். வலையைக் கடலில் வளைத்துப் போட்டாயிற்று. இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து பேர் கயிற்றில். நான் போனில் நேரம் பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"என்ன அண்ணே, கந்தோர்ல இருந்தா? நாங்க எத்தனை மணித்தியாலம் வேல செய்றம் எண்டு எழுதவா?" என்றான் ஒருவன்.

"இல்ல தம்பி, பாட்டு விசயம்."

"ஐயோ, பாட்டுக்கு இழுக்கிறெண்டா நாங்க எப்பவோ பணக்காரர்." எல்லோரும் சிரித்தார்கள். "போனைப் பைக்குள்ள போடுங்க. வந்து பிடிச்சுப் பாருங்க. பாத்தா விளங்காது."

பிடித்தேன். கயிறு ஈரமாக, மணலோடு, கை ரேகைகளைத் தேடி அறுத்தது. சாய்ந்து இழுத்து, நின்று, மூச்செடுத்து, சாய்ந்து. தொடக்கத்தில் வேகம், வலையின் மடி கரைக்குக் கிட்ட வர வரத் தாமதம். ஒரே அளவு என்று இல்லை. காலையில் ஒன்று, மீன் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. நண்பன் எந்தக் காலையை, எந்த வலையைப் பார்த்து வைத்தானோ. நடுவில் ஓர் அளவை உடம்பில் எழுதிக்கொண்டு, கை எரிய எரியப் பஸ் ஏறினேன். பின்னேரம் கோயிலில் அந்த அளவுக்கு ஸ்லைடரை வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. எவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எவரும். அங்கேதான் இடித்தது. எவருக்காகவும் நான் இதைச் செய்யவில்லை. அவள் ஒருத்திக்காக. அவளிடம் நான் செய்ததைக் கொண்டுபோய், இது உன் அப்பா செய்தது என்று கொடுக்க என்னால் முடியவில்லை. நண்பன் "சொல்லாத" என்றான். சொல்வது என்று முடிவெடுத்தேன். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆறு நாள் இருந்தது.

கோயிலுக்கு வரச்சொன்னேன். வந்தாள், கையில் மருதாணி பரிசோதித்துப் பார்த்த கறையோடு. நான் முதலில் கதையைச் சொன்னேன், உப்பிலிருந்து கயிறு வரைக்கும். அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்லைடர்களைப் பார்த்துச் சொன்னேன்.

"எத்தனை நாளா மறைச்சீங்க?"

"பதிமூண்டு."

"அப்பாவும் சேந்தா?"

"ஓம்."

"அம்மாவும்?"

"ஓம் மகள்."

"நல்ல ஆக்கள்" என்றாள். வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தாள். பிறகு, "கசெட்டைப் போடுங்க" என்றாள்.

போட்டேன். பாண். வேற? பாண். பாணோட என்ன? அப்பா. அவள் சிரித்தாள், அதே இடத்தில், தாய் சிரிப்பது போலவே. பிறகு பின்னாலிருந்து எழும்பியதைக் கேட்டாள். சிரிப்பு நின்றது.

"இப்ப உங்கட வாசிங்க."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"சத்தம் அதுதான். ஆனா மாமா, இது அவசரப்படுது."

"அவசரமா? கயிற்று அளவுக்குத்தான் வெச்சேன்."

"எனக்குக் கயிறு தெரியாது." எழுந்து பீடத்தருகே போய் நின்றாள். "சின்ன வயசில நன்மை வாங்கிட்டுத் திரும்பி வரும்போது, ஒரு மூச்சுக்கு நாலு எட்டு வெப்பேன். அது ஒரு விளையாட்டு. மூச்சு முடியிறதுக்குள்ள அஞ்சாவது எட்டு வெச்சா அண்டைக்கு அப்பா போன் கோல் எடுக்க மாட்டார் எண்டு ஒரு பயம். வாசிங்க, நான் நடக்கிறேன்."

நடந்தாள். நான் இடக்கையால் சுரத்தைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் ஸ்லைடரைப் பிடித்தேன். மூன்று எட்டிலேயே மூச்சு முடிந்தது. "பாத்தீங்களா?" என்று திரும்பிப் போய் நின்றாள். ஸ்லைடரைக் கீழே இறக்கினேன். நடந்தாள். நான்கும் கொஞ்சமும். "கூடிப் போச்சு." திரும்பினாள். மேலே ஒரு நூல். நடந்தாள். எத்தனை தரம் அந்தக் கோயிலின் நடுவழியே நடந்தாள் என்று தெரியாது. வெயில் யன்னலிலிருந்து வாங்குக்கு இறங்கியிருந்தது. "பெரிய ஆளாகிட்டேன், எட்டு நீளமாப் போச்சு" என்றாள். "சாரி உடுத்தா சின்ன எட்டுத்தான் வரும்" என்றேன். துப்பட்டாவை இழுத்து முழங்காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாய் மூடி, மிச்ச மூச்சு. அதிலிருந்து அடுத்தது எழும்ப, ஒன்று.

நின்றுவிட்டாள். "இங்க" என்றாள்.

நான் ஸ்லைடரிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன். பெட்டியின் பின்னால் ஞாபகத்தைப் பூட்டுகிற ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறது, அதைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். நாற்பத்து மூன்றைக் காட்டி, எழுதுகிற பொத்தானை அவளையே அழுத்தச் சொன்னேன். மருதாணி விரலால் அழுத்தினாள். கண்ணாடியில் எண் ஒருதரம் அணைந்து எரிந்தது. பெட்டியை நிறுத்தினோம். இயக்கினோம். இருந்தது.

கலியாணத்தன்று அவள் தாய்மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நண்பனின் மனைவி போனை ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு வாங்கில் நிமிர்த்தி வைத்திருந்தார். திரையில் நண்பன், கோட்டுப் போட்டு, யாருடைய சமையலறையிலோ. நான் அவனைப் பார்க்கவில்லை, அவள் கால்களைப் பார்த்தேன். நாலு எட்டு. மூச்சு. நாலு எட்டு. நடுவில் ஓரிடத்தில் தாய்மாமன் அவசரப்பட்டார், அவள் அவரைக் கையைப் பிடித்து நிறுத்தி வைத்தாள்.

அடுத்த நாள் அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. நன்றியும் இல்லை, ஏச்சும் இல்லை.

"டேய், அந்த வேக ஸ்லைடர் நான் வெச்ச இடத்தில இல்ல. அவள் நடந்ததைப் பாத்தேன். அதுதான் சரி. எங்க நிக்குதெண்டு எழுதி அனுப்பு. இங்க ஒரு பழைய பெட்டி விக்கக் கிடக்கு."

எல்லா ஸ்லைடர்களின் இடத்தையும் ஒரு தாளில் வரைந்து, மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று அவள் புது வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கம். ஒன்று உறைப் பெட்டிக்குள், உப்புப் பை இருந்த மூலையில். மற்றதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். வேகத்துக்கு நேரே, ஸ்லைடர் ஓரத்து எண்களைப் பார்த்து, இப்படி எழுதியிருந்தேன்: மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில. கொஞ்சம் மூன்றுப் பக்கம்.